இராமநாதபுரத்துப் பெரியாஸ்பத்திரி பிறந்த கதை

இராமநாதபுரம் ஜில்லா 1910-இல் உருவானது. கலெக்டர் ஆபீஸ் மட்டும் மதுரையில் இருந்தது. அது ஏதோ ஓரிரு வருஷத்து ஏற்பாடு இல்லை. 1985 மார்ச்சில் ஜில்லாவை இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என்று இன்று நாம் அழைக்கும் மூன்றாகப் பிரிக்கும் வரைக்கும் அப்படித்தான். பட்டாவில் தகராறு என்றால் இராமேஸ்வரத்துக்காரர் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏற வேண்டும். எழுபத்தைந்து வருஷம் இந்த மண்ணின் தலைமை அலுவலகம் இன்னொரு ஊரின் மண்ணில் நடந்தது.

1985-இல் கலெக்டர் ஊருக்கு வந்து சேர்ந்தார். பெரிய டாக்டர்கள் வரவில்லை. மனு கொடுக்கப் போன அதே பாதையில் நோயாளிகள் இன்னும் 37 வருஷம் மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பயணத்தைக் குறைக்க ஓர் அரசு மருத்துவக் கல்லூரி இராமநாதபுரத்தில் எப்படிப் பிறந்தது, யார் யார் பணம் போட்டார்கள், யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத அரசியலுக்கு நடுவில் அது எப்படி எழுந்தது என்பதுதான் இந்தக் கதை.

முதலில் பாதையைப் பார்ப்போம். இராமேஸ்வரத்திலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 110 கிலோமீட்டருக்கு மேல். தீவுக்கும் கரைக்கும் நடுவில் கடல். 1914-இல் வந்த பாம்பன் ரயில் பாலம்தான் வெகுகாலம் ஒரே வழி. ரோடு பாலம் 1988-இல்தான் திறந்தது. அதுவரை தீவில் ஒருவருக்கு ராத்திரி நெஞ்சுவலி வந்தால், அடுத்த ரயில் எப்போது என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் படகைத் தேட வேண்டும். பாலம் வந்தது. 2008-இல் 108 ஆம்புலன்ஸும் வந்தது. ஆனாலும் முடியாத கட்டத்தில் டாக்டர்கள் சொல்லும் வாக்கியம் மாறவில்லை: "மதுரைக்குக் கொண்டு போயிருங்க."

பல வருஷத்துக்கு முன், கடலோரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் விடியற்காலையில் நான் பார்த்தது இது. விசைப்படகில் வலை இழுக்கும் கயிற்றில் கை சிக்கி நசுங்கிய ஒரு மீனவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லுங்கியில் உப்பு இன்னும் காயவில்லை. மனைவி வண்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மருதைக்கா தம்பி? கையில நூத்தம்பது ரூவாதான் இருக்கு."

"108-க்குக் காசு கிடையாதுக்கா. ஏறுங்க."

"போறதுக்கு இல்ல தம்பி. அங்கன தங்குறதுக்கு."

டிரைவரிடம் அதற்குப் பதில் இல்லை. வண்டி கிளம்பிவிட்டது. மதுரை தூரம் என்று நாம் சொல்லும்போது கிலோமீட்டரை நினைக்கிறோம். அந்த அம்மா நினைத்தது வேறு. பத்து நாள் சாப்பாடு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகள், கடலுக்குப் போகாத நாட்கள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் விரிக்க ஒரு பாய். வைத்தியம் இலவசம்தான். வைத்தியம் இருக்கும் ஊருக்குப் போய் இருப்பதற்குத்தான் காசு.

ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியாக மாற்றினால் என்ன கிடைக்கும்? மாணவர்களுக்குப் பாடம் நடத்த ஒவ்வொரு துறைக்கும் பேராசிரியர்கள் வேண்டும் என்பது விதி. அறுவைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், குழந்தைக்கு ஒருவர், மயக்க மருந்துக்கு ஒருவர் என்று ஒவ்வொரு துறையிலும் ஒரு குழு வந்து உட்கார வேண்டும். பகலில் பாடம் சொல்பவர்கள்தான் வார்டையும் பார்ப்பார்கள். பயிற்சி மருத்துவர்கள் ராத்திரி முழுக்க இருப்பார்கள். கல்லூரி என்று சொல்லி மக்கள் கேட்பது உண்மையில் ஒரு முழு ஆஸ்பத்திரியைத்தான். அதனால்தான் எந்த ஊரிலும் அதைப் "பெரியாஸ்பத்திரி" என்கிறார்கள்.

சரி, இதற்கு யார் பணம் தர வேண்டும்? இங்கேதான் அரசியல் நுழைகிறது. அதற்கு வேர் அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. பொதுச் சுகாதாரமும் ஆஸ்பத்திரிகளும் மாநிலப் பட்டியலில் வருகின்றன. மருத்துவக் கல்வி பொதுப் பட்டியலில் வருகிறது. கல்வியே 1976-இல் கொண்டுவந்த 42-ஆவது திருத்தத்தால்தான் அங்கே போனது. ஆகவே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்பது ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பட்டியலிலும் கால் வைத்து நிற்கிறது. கட்டிலும் மருந்தும் மாநிலத்தின் பொறுப்பு. அந்தக் கட்டிலருகே நின்று படிக்கும் மாணவருக்கான அனுமதி, நுழைவுத் தேர்வு, பாடத்திட்டம் எல்லாம் டெல்லியின் கையில். இப்படி ஓர் இடத்தில் பேரம் இல்லாமல் எதுவும் பிறக்காது.

தமிழ்நாடு மத்திய அரசுக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை. 2000-இல் தூத்துக்குடி, 2004-இல் தேனி, 2010-இல் விழுப்புரம், திருவாரூர் என்று மாவட்டம் மாவட்டமாக அரசுக் கல்லூரிகள் எழுந்தன. ஆட்சி மாறினாலும் இந்தப் போக்கு மாறவில்லை. பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் பிறந்த மூன்று உடன்பிறப்புகளில் சிவகங்கைக்கு 2012-இல் கிடைத்தது. இராமநாதபுரமும் விருதுநகரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றன.

அவற்றுக்குக் கதவு திறந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 2018 ஜனவரியில் மத்திய அரசு, வளர்ச்சிக் குறியீடுகளில் பின்னால் நிற்கும் மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து, 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து இரண்டே இரண்டு மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன: இராமநாதபுரம், விருதுநகர். தண்ணியில்லாக் காடு என்று காலம் காலமாகச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னொரு அவமானமாகத்தான் பட்டிருக்கும். ஆனால் நிதி கேட்கும் மேஜையில் அந்தப் பெயரே கைக்கு வந்த துருப்புச் சீட்டு ஆனது.

2019 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை, நாடு முழுக்க 75 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒப்புதல் தந்தது. ஏற்கெனவே இருக்கும் மாவட்ட ஆஸ்பத்திரியோடு சேர்த்துக் கல்லூரி கட்டும் திட்டத்தின் மூன்றாவது கட்டம் அது. ஒரு கல்லூரிக்கு 325 கோடி ரூபாய். அதில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. அதாவது டெல்லியிலிருந்து 195 கோடி, சென்னையிலிருந்து 130 கோடி. மருத்துவக் கல்லூரி இல்லாத மாவட்டங்களுக்கும், முன்னேற விழையும் மாவட்டங்களுக்கும் முன்னுரிமை. இராமநாதபுரம் இரண்டு வரிசையிலும் நின்றது.

தமிழக அரசு உடனே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடியது. இரண்டே மாதத்தில், 2019 அக்டோபரில், ஆறு கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. திருப்பூர், நீலகிரி, நாமக்கல், திண்டுக்கல், விருதுநகர் ஆகியவற்றோடு இராமநாதபுரமும். பின்னால் கிருஷ்ணகிரி, திருவள்ளூர், நாகப்பட்டினம், அரியலூர், கள்ளக்குறிச்சி என்று ஐந்து சேர்ந்து மொத்தம் 11 ஆனது. நாடு முழுவதற்குமான 75-இல் ஒரே மாநிலத்துக்கு 11. இதில் அன்றைய கூட்டணியின் பங்கு என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் 2019 தேர்தலில் ஒன்றாக நின்றன என்பது உண்மை. ஆனால் இன்னொரு உண்மையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தத் திட்டம் மாவட்ட ஆஸ்பத்திரி ஒன்று இருக்கும் ஊருக்குத்தான் பணம் தரும். படுக்கைகளோடு ஓடுகிற ஆஸ்பத்திரியைப் பல பத்தாண்டுகளாகக் கட்டி, நர்சுக்கும் டாக்டருக்கும் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மாநிலத்துக்குத்தான் கேட்கும் தகுதியே வரும். அந்த முதலீடு 60:40 கணக்கில் வராது.

2020 மார்ச் 1 அன்று முதல்வர் எடப்பாடி பழனிசாமி இராமநாதபுரத்தில் அடிக்கல் நாட்டினார். அதே நாளில் விருதுநகரிலும். 1985-இல் பிரிந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் பூசை. இராமநாதபுரத்துக்கு மதிப்பீடு 345 கோடி ரூபாய். மத்திய அரசின் பங்கு அதே 195 கோடி. 325-க்கு மேல் கூடிய 20 கோடி மாநிலத்தின் தலையில். ஆக மாநிலம் போட்டது 150 கோடி. இதைப் 11 கல்லூரிக்கும் விரித்துப் பார்த்தால் படம் தெளிவாகும். மொத்தச் செலவு சுமார் 4,000 கோடி. 195-ஐப் பதினொன்றால் பெருக்கினால் 2,145 கோடி, அது மத்திய அரசு தந்தது. மீதி சுமார் 1,855 கோடி மாநிலத்துடையது. 60:40 என்று பேசித் தொடங்கிய கணக்கு, கட்டி முடித்தபோது ஏறத்தாழ 54:46 ஆகிவிட்டது. ஒப்பந்தத்தில் மத்திய அரசின் தொகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சிமெண்டு விலை ஏறினாலும், கட்டடம் ஒரு மாடி கூடினாலும் அது மாநிலத்தின் கணக்கில்தான் விழும். நிதிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் எந்த அதிகாரியும் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

அடிக்கல் நாட்டிய 24-ஆம் நாள் நாடு முழுக்க ஊரடங்கு. கொரோனா ஊரையே பூட்டிப் போட்டது. வடமாநிலத் தொழிலாளிகள் ஊருக்கு நடந்தார்கள். அந்தக் காலத்தில்தான் இந்தக் கட்டடங்கள் எழுந்தன. 2021 மே மாதம் ஆட்சியும் மாறியது. தி.மு.க. வந்தது. 'மத்திய அரசு' என்ற சொல்லே 'ஒன்றிய அரசு' ஆன காலம் அது. ஒரு சொல்லில் கூட ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் ஒரே கட்டடத்துக்குப் பணம் போட்டுக்கொண்டிருந்தன.

நான் மதிக்கும் இடம் இதுதான். ஆட்சி மாறினால் முந்தைய ஆட்சியின் கல்லை நகர்த்துவது இங்கே புதிதில்லை. சென்னையில் புதிய தலைமைச் செயலகமாகக் கட்டிய கட்டடம், அடுத்த ஆட்சியில் பன்னோக்கு மருத்துவமனையாக மாறி 2014-இல் திறந்ததை எல்லோரும் பார்த்தோம். இராமநாதபுரத்தில் அப்படி நடக்கவில்லை. அ.தி.மு.க. நாட்டிய கல்லின் மேல் தி.மு.க. கட்டி முடித்தது. பா.ஜ.க. ஆளும் டெல்லி தன் பங்கை அனுப்பியது. பொதுப்பணித் துறை இன்ஜினியர் செலவுக் கணக்கு எழுத, சென்னை அதிகாரி பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்ப, டெல்லி அதிகாரி அதைச் சரிபார்த்து அடுத்த தவணையை விடுவிக்க வேண்டும். மேடையில் தலைவர்கள் மோதிக்கொண்டிருந்தபோதும் மேஜைக்கு மேஜை இந்தக் காகிதங்கள் போய்க்கொண்டிருந்தன. தேசிய மருத்துவ ஆணையத்தின் ஆய்வு முடிந்து, 2021-22 கல்வியாண்டுக்கே 100 இடங்களுக்கு அனுமதி கிடைத்தது.

2022 ஜனவரி 12 அன்று பிரதமர் நரேந்திர மோடி காணொளி வழியாக 11 கல்லூரிகளையும் திறந்துவைத்தார். மொத்தம் 1,450 எம்.பி.பி.எஸ். இடங்கள். அதே நிகழ்ச்சியில் முதல்வர் மு.க. ஸ்டாலின் நன்றியும் சொன்னார், நீட் தேர்விலிருந்து விலக்கும் கேட்டார். விழா மேடையில் சண்டையா என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது. பாதிக்குக் கொஞ்சம் குறையப் பணம் போட்டு, நிலமும் ஆஸ்பத்திரியும் கொடுத்து, நாளைக்குச் சம்பளமும் கொடுக்கப்போகிற மாநிலம், அந்த இடங்களில் யார் உட்காருவார்கள் என்று கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

அந்தக் கேள்வியை இராமநாதபுரத்தின் 100 இடங்களில் வைத்துப் பார்க்கலாம். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு 15 போகும். மிச்சம் 85. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் தமிழகம் கொண்டுவந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கணக்குப் போட்டால் ஆறு இடம். அந்த ஆறில் ஒன்றில் முதுகுளத்தூரிலோ தொண்டியிலோ மண்டபத்திலோ அரசுப் பள்ளியில் படித்த ஒரு பிள்ளை உட்கார்ந்தால், படித்து முடித்து இந்தக் கடற்கரையிலேயே வேலை பார்க்க வாய்ப்பு அதிகம். இட ஒதுக்கீடும் நிதி ஒதுக்கீடும் வேறு வேறு கோப்புகளில் இருக்கலாம். நோயாளிக்கு இரண்டும் ஒன்றில் போய்த்தான் முடிகிறது: வார்டில் தன் பேச்சு புரிகிற ஒரு டாக்டர்.

இந்தக் கதையில் ஒரு விருந்தாளியும் உண்டு. மதுரை எய்ம்ஸ். 2015 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று அறிவித்தார்கள். எந்த ஊர் என்ற இழுபறி முடிந்து மதுரை அருகே தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். 1,264 கோடி என்று தொடங்கிய மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்தது. அதில் சுமார் 82 சதவீதம், அதாவது 1,627 கோடிக்கு மேல், ஜப்பானின் ஜைக்கா கடன். கடன் பேச்சு முடிந்து ஒப்பந்தம் கையெழுத்தாக 2021 மார்ச் ஆனது. கட்டடம் எழும்பவில்லை. அதைக் குத்திக்காட்ட ஒற்றைச் செங்கல் தேர்தல் மேடைக்குப் பிரசாரமாக வந்தது. அதற்குள் 50 மாணவர்களைச் சேர்க்க முடிவாகிவிட்டது. எங்கே உட்கார வைப்பது?

இராமநாதபுரம் இடம் கொடுத்தது. 2022 ஏப்ரலில் மதுரை எய்ம்ஸின் முதல் 50 மாணவர்களுக்கு இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில்தான் வகுப்பு தொடங்கியது. யோசித்துப் பாருங்கள். எழுபத்தைந்து வருஷம் இராமநாதபுரத்தின் கலெக்டர் ஆபீஸுக்கு மதுரை இடம் கொடுத்தது. இப்போது மதுரையின் எய்ம்ஸுக்கு இராமநாதபுரம் திண்ணை கொடுத்தது. மூன்று மாதம் முன்னால் பிறந்த பிள்ளை, மூன்று வருஷம் முன்னால் கல் நாட்டிய அண்ணனைத் தூக்கிச் சுமந்தது. எய்ம்ஸை வைத்து இரண்டு கட்சிகளும் மோதிக்கொண்டதெல்லாம் நினைவில் இருக்கும். அதே நேரத்தில் மாநில அரசின் கட்டடத்துக்குள் மத்திய அரசின் மாணவர்கள் உடற்கூறியல் படித்ததையும் நினைவில் வைக்க வேண்டும். சேர்ந்து வேலை செய்வது என்பது பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். சத்தம் போட்டபடியே நடக்கும்.

வேறு நாட்டிலும் இப்படித்தான். கனடாவில் சஸ்காச்சுவன் என்ற மாகாணம் 1947-இல் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீட்டைத் தன் துணிச்சலில் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1957-இல் மத்திய அரசு சட்டம் போட்டு ஏறத்தாழ பாதிச் செலவை ஏற்றுக்கொண்டது. 1961-க்குள் எல்லா மாகாணமும் சேர்ந்தன. 1977-இல் அந்தப் பாதிக்குப் பாதி முறையை மாற்றி, மொத்தமாக ஒரு தொகை தரும் ஏற்பாடு வந்தது. அன்று முதல், மத்திய அரசின் பங்கு தேய்ந்துவிட்டது என்று மாகாணங்கள் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. முதலில் மாநிலம் துணிகிறது, பிறகு மத்திய அரசு கை கொடுக்கிறது, கொஞ்ச நாளில் கை தளர்கிறது. இதைத் தெரிந்துகொண்டு பேரத்தில் உட்கார்ந்தால் ஏமாற மாட்டோம்.

இராமநாதபுரத்துக்கு அந்தப் பாடம் இப்போது தேவைப்படுகிறது. 195 கோடி வந்தது கட்டடத்துக்கும் கருவிகளுக்கும். பேராசிரியர் சம்பளம், நர்சு சம்பளம், மருந்து, கரண்டு பில், துப்புரவு எல்லாம் வருஷா வருஷம் மாநிலத்தின் பாடு. பிறப்புச் செலவைப் பங்கு போட்டார்கள், வளர்ப்புச் செலவு ஒருவர் தலையில். மருந்துக்கு 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, மொத்தமாக வாங்கி அனுப்பிவிடும். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு ஆஸ்பத்திரி செய்யும் அறுவைக்கும் தொகை வருகிறது, அதில் கருவி வாங்கலாம். ஆனால் டாக்டரை மொத்தமாக வாங்கி அனுப்ப முடியாது. ஆசிரியர் பற்றாக்குறை என்று 2025-இல் தேசிய மருத்துவ ஆணையம் தமிழ்நாட்டின் பல அரசுக் கல்லூரிகளுக்கும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சென்னையிலும் மதுரையிலும் குடும்பத்தை வைத்திருக்கும் ஒரு நிபுணரைக் கடற்கரை ஊரில் தங்க வைக்க வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, பதவி உயர்வில் ஒரு சலுகை என்று ஏதாவது தர வேண்டும். இதற்கும் நிதி வேண்டும், இதற்கும் பேரம் வேண்டும். அடிக்கல் இல்லாத பேரம் என்பதால் யாரும் மேடை போடுவதில்லை.

இந்த 11 திறந்த பிறகும் தென்காசி, மயிலாடுதுறை, பெரம்பலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம் என ஆறு மாவட்டங்கள் அரசுக் கல்லூரி இல்லாமல் மிச்சமிருந்தன. அவற்றுக்காகப் பேசப் போகிறவர்களுக்கு இராமநாதபுரத்தின் கதையிலிருந்து நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கட்டடத்துக்குப் பங்கு கேட்கும் அன்றே முதல் பத்து வருஷச் சம்பளத்துக்கும் பங்கு கேளுங்கள். மத்திய அரசின் தொகைக்கு உச்சவரம்பு வைத்தால், விலை ஏற்றத்துக்கும் ஒரு வழி எழுதச் சொல்லுங்கள். வெளியூர் நோயாளியோடு வருபவர் தங்க ஒரு கூடத்தையும் திட்ட அறிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் பட்ஜெட்டில் அதற்குத் தலைப்பே இருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் திறப்புவிழாக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த மாதம் எத்தனை டாக்டர் பணியிடம் நிரம்பியிருக்கிறது, எத்தனை பேரை மதுரைக்கு அனுப்பினோம் என்று சாக்பீஸில் இரண்டே எண். கல்வெட்டில் இருப்பவர்கள் எல்லோரும், எந்தக் கட்சியானாலும், அந்தப் பலகைக்கும் பொறுப்பு. இரண்டாவது எண் மாதா மாதம் குறைய வேண்டும்.

மதுரைக்குப் போகும் வண்டிகள் இன்னும் நின்றுவிடவில்லை. இராத்திரியில் பரமக்குடியைத் தாண்டி மேற்கே சைரன் போகும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் கேட்கிறது: "அங்கன தங்குறதுக்கு." அந்த வண்டி பரமக்குடிப் பக்கமே வராமல், கிழக்கே கடற்கரையிலிருந்து கிளம்பி இராமநாதபுரத்திலேயே நிற்கிற ஒவ்வொரு இரவும், இந்தப் பெரியாஸ்பத்திரி இன்னொரு முறை பிறக்கிறது.